ஒற்றை லென்ஸின் வெற்றி

ஈயை அடிக்கக் கை ஓங்கியவர்களுக்குத் தெரியும், அதன் பார்வை எவ்வளவு கூர்மை என்று. ஆயிரக்கணக்கான சிறு லென்ஸ்கள் சேர்ந்த கூட்டுக்கண் அது. அசைவைக் கண்டுபிடிப்பதில் கெட்டி. ஆனால் உருவத்தைத் தெளிவாகக் காண்பதில், ஒரே லென்ஸ் கொண்ட மனிதக் கண்ணை நெருங்க முடியாது.

விஞ்ஞானத்திலும் இந்தப் போட்டி நடந்தது. 1665இல் ராபர்ட் ஹூக் பல லென்ஸ்கள் கொண்ட கூட்டு நுண்ணோக்கியில் தக்கையைப் பார்த்து 'செல்' என்று பெயரிட்டார். ஒற்றை லென்ஸில் தெளிவு அதிகம் என்பது அவருக்கும் தெரியும். கண்ணுக்குச் சிரமம் என்று ஒதுக்கிவிட்டார். ஹாலந்தில் ஜவுளி வியாபாரி லூவன்ஹாக் சிரமத்தைப் பார்க்கவில்லை. சின்னஞ்சிறு கண்ணாடி லென்ஸ் ஒன்றையே கண்ணருகே பிடித்து, 1676இல் பாக்டீரியாக்களைக் கண்டார். எஞ்சியுள்ள அவரது கருவிகளில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்குகிறது.

காரணம் எளிது. அன்றைய லென்ஸ்கள் உருவத்தின் ஓரங்களில் வண்ணக் கறை படியச் செய்தன. லென்ஸ்கள் கூடக் கூடக் குறையும் கூடியது. 1830இல் ஜோசப் லிஸ்டர் வழி கண்ட பிறகே கூட்டு நுண்ணோக்கி முந்தியது.

ஆனாலும் ஒற்றை லென்ஸ் ஓய்ந்துவிடவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷ், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தன் குழுவினருடன் உருவாக்கி 2014இல் அறிமுகப்படுத்திய 'ஃபோல்ட்ஸ்கோப்', காகிதத்தை மடித்துச் செய்வது. 140 மடங்கு பெரிதாக்கும், சட்டைப்பையில் அடங்கும்.

இருக்கும் ஒரே நுண்ணோக்கியை பீரோவில் பூட்டி வைக்கும் பள்ளிகள் கவனிக்க வேண்டிய சேதி.