கண்டமும் இல்லை, திருஷ்டியும் இல்லை!

நடுத்தரக் குடும்பங்களின் ஹாலில் இன்று டி.வி.க்குப் பக்கத்தில் இன்னொரு கண்ணாடிப் பெட்டியும் வந்து உட்கார்ந்துவிட்டது. மீன் தொட்டி! அதில் பல வீடுகளில் நீந்துவது ஏஞ்சல் மீன். நாணயம் போலத் தட்டையான உடம்பு, மேலும் கீழும் நீண்டு தொங்கும் துடுப்புகள், அவசரமே இல்லாத அசைவு... பார்க்கப் பார்க்க மனசு அடங்கும். தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த நன்னீர் மீன் இது. இன்று சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்து, ஊர் ஊராக அனுப்புகிறார்கள்.

‘மீன் தொட்டி வெச்சா பி.பி. குறையுமாமே டாக்டர்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1984-ல் அமெரிக்காவில் ஆரன் கேட்சர் குழுவினர், பல் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களைச் சற்று நேரம் மீன் தொட்டியைப் பார்த்தபடி உட்கார வைத்து, அவர்களின் பதற்றம் குறைவதைப் பதிவு செய்தார்கள். 2015-ல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் உள்ள பெரிய மீன் காட்சியகத்தில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. அங்கே மீன்களைப் பார்த்து நின்றவர்களின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் தணிந்தன. ஆனால், இது அந்த நேரத்து அமைதி. அன்றாடம் சாப்பிடும் மாத்திரைக்கு இது மாற்று ஆகாது. ‘அதான் தொட்டி வாங்கியாச்சே’ என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சித்த மருத்துவனான நானே இதைச் சொல்கிறேன்!

எனக்கு வருத்தம் தருவது வேறொரு விஷயம். ‘வாஸ்துப்படி மீன் வளர்த்தா நல்லது. மீன் செத்துப்போனா கவலைப்படாதீங்க. வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சு’ என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. விற்பவர்களுக்கு இதைவிட வசதியான நம்பிக்கை வேறு இல்லை!

என்னிடம் மூட்டு வலிக்கு வரும் ஒரு அம்மா, புதுத் தொட்டியில் 4 ஏஞ்சல் மீன்களை விட்டார். 8 நாளில் நான்கும் செத்து மிதந்தன. கடையில் போய்ச் சொன்னதற்கு, ‘நல்லதுதாம்மா, திருஷ்டி கழிஞ்சுது’ என்று சொல்லி இன்னும் 4 மீன் கொடுத்தார்களாம். அவையும் போய்ச் சேர்ந்தன. காசு போனதுகூடப் பெரிதில்லை. அந்த அம்மாவின் ஏழு வயதுப் பேரன், ‘பாட்டி, அந்த மீன் சாகலேன்னா நாம செத்திருப்போமா?’ என்று கேட்டுவிட்டு, ராத்திரி தனியாகப் படுக்கப் பயப்படுகிறானாம். ஒரு குழந்தையின் மனசில் இப்படி ஒரு பயத்தை விதைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அந்த மீன்களைக் கொன்றது கண்டம் அல்ல, அம்மோனியா. மீனின் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியா வெளியேறுகிறது. கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அதை இன்னும் கூட்டுகின்றன. ஓடுகிற ஆற்றில் அது கரைந்து போய்விடும். நாலு கண்ணாடிச் சுவருக்குள் எங்கே போகும்? தண்ணீர் பளிங்கு போலத்தான் தெரியும். மீனோ செவுள் புண்ணாகி, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிக்கும்.

இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. ஃபில்டர் பஞ்சிலும் தொட்டிக் கற்களிலும் நல்ல பாக்டீரியாக்கள் குடியேறும். அவற்றில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றும். இவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டால், உறையாத பாலைத் தயிர் என்று பரிமாறுவது போலத்தான்.

ஆகவே முதல் மாதம் மீனே வேண்டாம். ஃபில்டரை ஓடவிட்டு, பாக்டீரியாவுக்கு உணவாகத் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியிலிருந்து கொஞ்சம் ஃபில்டர் பஞ்சு கிடைத்தால், அது உறைமோர் மாதிரி! கடைகளில் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் கிடைக்கிறது. அதில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகே மீன் வாங்கப் புறப்படுங்கள்.

தொட்டியின் அளவும் முக்கியம். கடையில் ஒரு ரூபாய் நாணய அளவில் இருக்கும் ஏஞ்சல், வளர்ந்தால் உடம்பு மட்டும் அரை அடி வரை நீளும். துடுப்போடு சேர்த்தால் உயரம் அதற்கும் மேல். உருண்டைக் கண்ணாடி ஜாடியில் இதை விடுவது, வளர்ந்த பிள்ளையைத் தொட்டிலில் மடக்கிப் படுக்க வைப்பதற்குச் சமம். ஒரு ஜோடிக்கு ஒன்றரை அடி உயரமும், 80 முதல் 100 லிட்டர் தண்ணீரும் வேண்டும். 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம் இதற்கு உகந்தது. நம் சமவெளி ஊர்களில் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குக் கட்டாயம் தேவை.

வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். ‘சுத்தம் சோறு போடும்’ என்று முழுத் தொட்டியையும் கவிழ்த்து, பஞ்சை சோப்பு போட்டுக் கசக்குபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்த நல்ல பாக்டீரியாக்களும் சாக்கடைக்குப் போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை லேசாக அலசினால் போதும்.

தீனி விஷயத்தில் நம் வீட்டுப் பாசமே எமன். காலையில் தாத்தா, சாயங்காலம் பேரன், ராத்திரி சும்மா ஒரு பிடி... போதாக்குறைக்கு பிஸ்கெட் தூள்! தினம் இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள். போடும் பொறுப்பு ஒருவருக்கே இருக்கட்டும்.

மீன் சோர்ந்தால் உடனே டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துக் கொட்டுகிறார்களே, அது பெரிய தவறு. நல்ல பாக்டீரியாவும் சாகும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரவும் இடம் கொடுக்கும். ‘மஞ்சள் போடலாமா, வேப்பிலை போடலாமா?’ என்று என்னிடமே கேட்கிறார்கள். வேண்டாம். நோயின் மூலம் தண்ணீரில் இருக்கும்போது மருந்து என்ன செய்யும்? முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். கால் பங்கை மாற்றுங்கள்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீரில் விட வேண்டாம். டியூபை வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தொட்டித் தண்ணீரில் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி இருக்கக்கூடும். காயத்தின் வழியே அது புகுந்தால், விரலிலோ கையிலோ கட்டி வந்து வாரக்கணக்கில் ஆறாது. களிம்பு தடவிக் காலம் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் மீன் தொட்டி இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். ஆனால் குணமாகக்கூடியதுதான்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கிறீர்களா? வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்க முடியாத வீட்டுக்கு மீன் தொட்டி வேண்டாம் என்பதே என் கருத்து. ஒதுக்க முடிந்தால், ஏஞ்சல் 10 வருடம்கூட உங்களோடு இருக்கும். ஜோடி சேர்ந்தால், நிமிர்ந்து நிற்கும் இலையில் வரிசையாக முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் துடுப்பால் விசிறியபடி மாறி மாறிக் காவல் காக்கும். அந்தக் காட்சியைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

அதையும் மீறி ஒரு மீன் செத்துப்போனால், குழந்தையிடம் கண்டம், திருஷ்டி என்று கதை சொல்லாதீர்கள். ‘தண்ணியில என்ன கெட்டுப்போச்சுன்னு பார்க்கலாம் வா’ என்று கூட்டிக்கொண்டு போய் டெஸ்ட் கிட்டைக் கையில் கொடுங்கள்.