குற்றவாளி உராய்வா?

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலையொன்றில் வெடி நேர்ந்து உயிர்கள் மாயும்போதெல்லாம், மறுநாட் செய்தித்தாள்களில் ஒரு சொற்றொடர் தவறாது இடம்பெறுகின்றது. "மருந்து செலுத்தும்போது ஏற்பட்ட உராய்வினால் வெடித்தது" என்பதே அச்சொற்றொடர். ஊர்ப்பெயர் மாறுகின்றது, இறந்தோர் தொகை மாறுகின்றது, ஆண்டு மாறுகின்றது. உராய்வு மட்டும் மாறுவதில்லை. உராய்வின்மேல் வழக்குத் தொடுக்க இயலாது. அதனைச் சிறையிலிடவும் இயலாது. உராய்வுக்கு உரிமம் வழங்கியவர் எவருமிலர். அதனால் வருவாய் பெற்றவரும் எவருமிலர். ஆகவே, உராய்வையே குற்றவாளியாக்கிவிட்டால், ஏனையோர் அனைவரும் அமைதியாக உறங்கலாம்.

உறங்கியதன் விளைவு என்ன? 2012 செப்தம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் மாண்டோர் ஏறத்தாழ நாற்பதின்மர். 2021 பிப்பிரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மாண்டோர் இருபதின்மர்க்கும் மேற்பட்டோர். 2023 அக்தோபர் 17-ஆம் நாள், ஒரே பகலில், ஈரிடங்களில் நேர்ந்த வெடிகளில் 14 பேர். 2024 மே 9-ஆம் நாள் செங்கமலப்பட்டியில் எண்மர்க்குக் குறையாதோர். 2025 சூலை முதல் நாள் சின்னக்காமன்பட்டியில் மீண்டும் எண்மர்க்குக் குறையாதோர். இவை பெருநிகழ்ச்சிகள் மட்டுமே. ஒருவரும் இருவருமாக மாண்டோர்க்குச் செய்தித்தாளின் உட்பக்கத்தில் நான்கு வரி கிடைத்தது. உடல் வெந்து, விரலிழந்து, பார்வையிழந்து வீட்டுத் திண்ணையில் கிடப்போர்க்கு அவ்வரியும் கிடைக்கவில்லை.

இவற்றை 'விபத்து' என்கின்றனர். எதிர்பாராது வந்து தாக்குவதனையே நேர்ச்சி என்றல் பொருந்தும். ஒரே மாவட்டத்தில், ஒரே தொழிலில், ஒரே கரணியத்தால், ஆண்டுதோறும் நிகழ்வதொன்று எவ்வாறு எதிர்பாராததாகும்? முன்னரே அறியப்பட்டது நேர்ச்சியன்று, தடுக்கக்கூடியதும் ஊழன்று. அறிந்தும் தடாதுவிட்ட பிழைக்கு ஊழ் என்று பெயரிடுதல், இறந்தவர்மேல் இரண்டாம் முறை மண்ணள்ளிப் போடுவதாகும்.

வெடிமருந்தின் இயல்பு எவர்க்கும் தெரியாத மறைபொருளன்று. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவற்றைத் தக்க அளவிற் கலந்தால் அக்கலவை தீக்காகக் காத்திருக்கும். தூள் எவ்வளவுக்கு நுண்ணிதோ, அவ்வளவுக்கு விரைந்து எரியும். கலவையுட் கிடக்கும் சிறு கல், கருவியின் இரும்பு விளிம்பு, வறண்ட காற்றில் செயற்கையிழைச் சேலையினின்று தெறிக்கும் நிலைமின் பொறி ஆகிய இவற்றுள் ஒன்றே போதும். எஞ்சிய கலவையை இரவில் விட்டுவைத்தால், ஈரம் பட்டு உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானே பற்றிக்கொள்வதும் உண்டு.

இவ்வளவும் தெரிந்தமையாற்றான் பாதுகாப்பு நெறிகள் வகுக்கப்பட்டன. மருந்தைச் சிறிது சிறிதாகவே கலக்க வேண்டும். அன்றன்று கலந்ததை அன்றன்றே முடிக்க வேண்டும். இரும்புக் கருவி கூடாது. மரமும் செம்பும் பித்தளையும் ஆகும். தரையில் இரப்பர் விரிப்பு வேண்டும். உடலின் மின் இறங்கும்படி, வாயிலிற் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டே உட்புகல் வேண்டும். உடுப்பது பருத்தியாடையாதல் வேண்டும். அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். ஓர் அறையில் நால்வர்க்கு மேல் இருத்தல் கூடாது.

இறுதியாகச் சொன்ன நெறியைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓர் அறைக்கு நால்வரே என்று ஏன் விதித்தனர்? உராய்வு என்றேனும் ஒருநாள் நேரத்தான் செய்யும். அன்று அத்தீ அந்த நால்வரோடு நிற்கட்டும். ஐந்தாம் உயிரைத் தொடாதிருக்கட்டும் என்பதே அதன் பொருள். கேட்பதற்குக் கொடிதாயினும், இஃது உண்மையறிந்தோர் வகுத்த கணக்கு. உராய்வை முற்றும் ஒழித்தல் அரிது. உராய்வு ஓர் அறையைத் தாண்டாதபடி காத்தல் எளிது. எனவே, பத்துப் பேரும் இருபது பேரும் ஒருங்கே மாளும்போது கேட்க வேண்டிய கேள்வி 'உராய்வு எவ்வாறு நேர்ந்தது?' என்பதன்று. 'நால்வர் இருக்க வேண்டிய இடத்தில் அத்தனை பேரை அமர்த்தியவர் யார்?' என்பதே.

அதற்குரிய விடையும் மறைவானதன்று. ஆலைக்கு உரிமம் பெற்றவர் ஒருவர். உள்ளே தொழில் நடத்துவோர் வேறு பலர். ஓர் ஆலையின் அறைகளைக் கூறு போட்டு உள்குத்தகைக்கு விடுதல் சட்டத்துக்கு மாறானது. ஆயினும், அச்சங்குளத்து ஆலை அவ்வாறே பலர்க்கும் பங்கிட்டு விடப்பட்டிருந்தமை ஆய்வில் வெளிப்பட்டது. குத்தகையெடுத்தவனுக்குக் குத்தகைக் காலம் முடிவதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அவன் அறையை நிரப்புகின்றான். அறை நிரம்பினால் மரத்தடியில் அமர்த்துகின்றான். தீபாவளி நெருங்க நெருங்க வேலையின் விரைவு ஏறுகின்றது. செய்த எண்ணிக்கைக்கே கூலி என்னுமிடத்தில், மெல்லச் செய்பவளுக்கு அரைவயிறு. விரைந்து செய்பவளுக்கு உயிரச்சம். பேன்சி வெடி என்று வணிகத்தில் வழங்கும் வானவெடி வகைகட்குத் தேவை மிகுந்துள்ளமையால், எளிய வெடி மட்டுமே செய்து பழகிய கைகள், தக்க பயிற்சியின்றியே அவ்வேலையிலும் ஈடுபடுத்தப்படுகின்றன.

முதலிப்பட்டியில் நடந்தது இன்னும் கொடிது. உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட பின்னரும் அவ்வாலையில் வேலை நடந்தது. முதல் வெடியோசை கேட்டுக் காக்கவென்றும் காணவென்றும் ஓடிவந்த அக்கம்பக்கத்து மக்களுட் பலர், அடுத்தடுத்த வெடிகளில் மாண்டனர். வெடியாலை தீப்பற்றினால் அணுகலாகாது என்பதனை அச்சிற்றூர் மக்கட்கு அதற்குமுன் எவரேனும் சொல்லியிருப்பின், அவருட் பலர் இன்றும் உயிரோடிருப்பர்.

இத்தகைய வேலைக்கு மக்கள் ஏன் செல்கின்றனர் என்று நகரத்தார் வினவுவர். மழையை நம்பிய கரிசல் நிலம். மழை பொய்த்தால் விளைவில்லை. விளைவில்லையேல் களையெடுப்புமில்லை, அறுப்புமில்லை. விடியலில் ஆலை வண்டி ஊருக்குள் வருகின்றது. மகளின் பள்ளிக் கட்டணமும் மாமியாரின் மருந்துச் செலவும் அவ்வண்டியில் ஏறினாற்றான் கிடைக்கும். ஏறுகின்ற பெண்ணுக்கு இடர் தெரியாமலில்லை. சென்ற ஆண்டு உடன் சென்றவள் இவ்வாண்டு இல்லை என்பதும் தெரியும். தெரிந்தும் செல்பவளைப் 'பொருட்படுத்தாது நடந்துகொண்டாள்' என்று பழித்தல் அறமாகாது. அவள் தெரிவு செய்தது சாவையன்று, கூலியை.

வெடியினால் மட்டுமே உயிர் போகின்றது என்றும் எண்ணலாகாது. நாள் முழுதும் மருந்துத் தூளை உட்கொண்ட நுரையீரல் மெல்ல மெல்ல நலியும். மாலையில் வெள்ளிப் பூச்சுப் பூசினாற்போல் மின்னும் கைகளோடு வீடு திரும்புவோர் அக்கையாலேயே குழந்தைக்குச் சோறூட்டுகின்றனர். மெல்ல வரும் சாவுக்கு ஓசையில்லை. ஆதலின் அது செய்தியாவதுமில்லை.

'இத்தொழிலின் இயல்பே இது, என் செய்வது?' என்று கைவிரிப்போர்க்கு இதே தொழிலின் வரலாறே விடை கூறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சி முனைக்கு வெண்பாசுவரம் பயன்பட்டது. அதன் ஆவி, சொத்தைப் பல்லின் வழியாகப் புகுந்து தாடையெலும்பை அழுகச் செய்தது. முகம் சிதைந்து மாண்டோர் பலர். 1888-இல் இலண்டனில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் இழிகூலியையும் கொடுந்தண்டங்களையும் எதிர்த்துத் தீப்பெட்டி ஆலையினின்று வெளியேறினர். அப்போராட்டத்தால் அந்நோயும் ஊரறியலாயிற்று. அன்றும் 'தொழிலின் இயல்பு' என்று சொல்வோர் இருந்தனர். ஆயின், 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் பல கூடி வெண்பாசுவரத்தை விலக்க உடன்பட்டன. இந்தியாவிலும் 1913-இல் அதனை விலக்கிச் சட்டம் வந்தது. அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து, சிவகாசியினர் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். அவர் தொடங்கிய தொழில் பல்லாயிரவர்க்குச் சோறிட்டது. தாடையழுகல் நோயை மட்டும் தரவில்லை. நோய் வருமுன் சட்டம் வந்துவிட்டதே அதற்குக் கரணியம். நஞ்சை நீக்கியதால் தீக்குச்சி எரியாமற் போய்விட்டதா?

குழந்தையுழைப்பின் வரலாறும் இத்தகையதே. சிறு விரல்களே இவ்வேலைக்கேற்றவை என்று ஒருகாலத்திற் கூசாது பேசினர். 1996-இல் உச்ச முறைமன்றம் சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில், குழந்தையொன்றை வேலைக்கமர்த்தினால் 20,000 உருபா செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. சட்டமும் கல்வியும் மக்கள் விழிப்பும் ஒன்றுசேர, குழந்தைகள் மிகப் பெரும்பாலும் ஆலைகளினின்று பள்ளிகட்குச் சென்றனர். தொழில் மடிந்துவிடவில்லை.

ஆகவே, இல்லாதது அறிவுமன்று; சட்டமுமன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, ஆலையில் ஒட்டும் அறிவிப்புகள் பெரும்பான்மைத் தொழிலாளர்க்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்றது. போபால் நச்சுக்காற்றுக் கொடுமைக்குப் பின், 1987-இல் வந்த திருத்தம், தம் வேலையிலுள்ள இடரைப் பற்றி அறிந்துகொள்ளும் உரிமையைத் தொழிலாளர்க்கு அளித்தது. உழைப்பாளியின் உடல்நலம் அவன் வாழ்வுரிமையின் கூறே என 1995-இல் உச்ச முறைமன்றம் கூறியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும், வகுத்துரைக்கப்பட்ட தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் கட்டணமில்லா உடலாய்வு, வேலையிலமர்த்தியமைக்கு எழுத்துச் சான்று எனப் பலவற்றைப் பேசுகின்றது. ஆனால், உள்குத்தகையில் மரத்தடியில் அமர்ந்து திரி செருகுபவளின் பெயர் எந்த ஏட்டில் இருக்கின்றது? பெயரே இல்லாதவளுக்கு உடலாய்வு ஏது? எழுத்துச் சான்று ஏது? தன் கையிலுள்ள பொருளின் பைமீது அயன்மொழியில் அச்சிட்ட எச்சரிக்கை அவளுக்கு வெறுங்கீற்றன்றி வேறென்ன? தாய்மொழியில் எழுதாத எச்சரிக்கை, எழுதாத எச்சரிக்கையே.

இத்தொழிலை மூடிவிட வேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. நாட்டின் பட்டாசுத் தேவையிற் பெரும்பங்கை உண்டாக்கும் அவ்வட்டாரத்தில், ஆலை மூடினால் அடுப்பும் அணையும். வேலையிழந்த கைகள் வீடுகளில் ஒளிந்து மருந்து கலக்கும். அப்போது குழந்தை உறங்கும் தொட்டிலருகே வெடி காத்திருக்கும். தேவை மூடுதலன்று; காத்தல். அதற்கெனச் செய்ய வேண்டுவன இவை:

1. உள்குத்தகைக்கு விட்ட உரிமம் மீளாவகையில் நீக்கப்படல் வேண்டும். உயிரிழப்பு நேரின், உரிமம் பெற்றவரே முதற்கண் பொறுப்பாளியாதல் வேண்டும். மேலாளரையும் கண்காணியையும் மட்டும் தளைப்படுத்திக் கணக்கை முடித்தலாகாது.

2. நாகபுரி உரிமம், சென்னை உரிமம், மாவட்ட உரிமம் என உரிமம் மூவகைப்படினும், ஆய்வு ஒரே கண்டிப்புடையதாதல் வேண்டும். ஆய்வு செய்த அலுவலரின் பெயரும் நாளும் ஆலை வாயிலில் தமிழில் எழுதப்படல் வேண்டும். அடுத்து வெடி நேரின் அவரும் விடை கூறல் வேண்டும்.

3. ஒவ்வோர் அறையின் கதவிலும் ஆள் தொகை, மருந்தின் அளவு, செய்யத்தகாதன ஆகியவை பெரிய தமிழெழுத்தில் இருத்தல் வேண்டும். எழுத்தறியாதார்க்குப் படமும் வாய்மொழிப் பயிற்சியும் வேண்டும். பயிற்சி நாளுக்கும் கூலி வேண்டும்.

4. மருந்து கலக்கும் அறையிலும் செலுத்தும் அறையிலும் எண்ணிக்கைக் கூலி ஒழிந்து நாட்கூலி வரல் வேண்டும். விரைவுக்குப் பணம் தரும்வரை விரைவு குறையாது.

5. ஓராளே வேலை செய்யும் இடமாயினும், வெடிமருந்து உள்ள இடமெல்லாம் பாதுகாப்புச் சட்டத்துள் அடங்கும்படி அரசு அறிவித்தல் வேண்டும்.

இவற்றுக்குப் பணம் ஏது என்பர். மாண்டபின் வழங்கும் துயர்தீர் தொகைக்குப் பணம் இருக்கின்றதன்றோ? அப்பணத்திற் சிறுபகுதி முன்னரே வருமாயின் அஃது இரப்பர் விரிப்பாகும், செப்புத் தகடாகும், இன்னோர் அறையாகும். பின்னர் வருவது மாலைக்கும் ஒளிப்படத்துக்குமே ஆகும்.

விழா நாளில் வானத்தில் விரியும் ஒளிப்பூவைக் கண்டு தமிழ்க்குழந்தை கைகொட்டி மகிழட்டும். ஆனால், அப்பூவைத் தொடுத்த கை அன்று தன் வீட்டில், தன் குழந்தையின் கையைப் பற்றியிருத்தல் வேண்டும். அதற்கு வழிசெய்யாத அரசும், அதனைக் கேளாத மக்களும், அடுத்த முறை செய்தித்தாளில் 'உராய்வு' என்னும் சொல்லைக் காணும்போது, அச்சொல்லுக்குள் தம் பெயரும் அடங்கியிருத்தலை உணர்வார்களாக!