கீரியைக் கொன்றுதான் படம் வரைய வேண்டுமா?

அக்டோபர் முதல் வாரம் வனவிலங்கு வாரம். ஊர் ஊராக ஓவியப் போட்டி நடக்கும். பிள்ளைகள் புலியை வரைவார்கள், யானையை வரைவார்கள், கீழே "காட்டைக் காப்போம்" என்று கொட்டை எழுத்தில் எழுதுவார்கள். அந்தப் புலியின் மீசையை இழுத்த பிரஷ் எந்த மிருகத்தின் முடி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது கீரிப்பிள்ளையின் முடியாகவும் இருக்கலாம்!

1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கீரியைக் கொல்வதும் அதன் முடியை விற்பதும் குற்றம். ஆனாலும் வியாபாரம் நடக்கிறது. 2019 அக்டோபரில் "ஆபரேஷன் க்ளீன் ஆர்ட்" என்ற பெயரில் பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். சிக்கியவை 50,000-க்கும் மேற்பட்ட பிரஷ்கள், 100 கிலோவுக்கும் அதிகமான முடி. ஒரு கீரியிடம் கிடைக்கும் முடியோ சில பத்து கிராம்தான். மீதிக் கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம். முடியை மட்டும் வெட்டிக்கொண்டு கீரியை விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆடு மாதிரி கீரி வளர்க்கும் பண்ணை இங்கே கிடையாது. காட்டிலும் வயலிலும் பிடித்து அடித்துக் கொல்வதுதான் வழி. (குழந்தையைக் காப்பாற்றிய கீரிப்பிள்ளையை அவசரப்பட்டுக் கொன்ற தாயின் கதையைச் சொல்லித்தான் நம் ஊரில் பிள்ளைகளை வளர்க்கிறார்கள்.)

இதற்கு ஓவியர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. "இயற்கை முடிதான் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், நைலான் பிடிக்காது." பாதி உண்மை. இயற்கை முடியின் மேல் நுண்ணிய செதில்கள் இருப்பதால் வாட்டர் கலர் அதில் தங்கி நிதானமாக இறங்கும். நல்ல சேபிள் பிரஷ்ஷுக்கு அதனால்தான் அத்தனை விலை. ஆனால் கீரி முடி பெரும்பாலும் போவது ஆயில் பெயிண்டுக்கு. அங்கே தண்ணீருக்கு வேலையே இல்லை! சேபிளுக்கு உள்ள பெருமையைக் கீரிக்கு மாட்டி விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் தலையாட்டுகிறார்கள்.

ஆயில் கலருக்கு வேண்டியது விறைப்பு. கெட்டியான வண்ணத்தை அள்ளி இழுக்கப் பன்றி முடி பிரஷ் போதும். மழமழவென்று வர வேண்டிய இடத்துக்குச் செயற்கை இழை நன்றாகவே உழைக்கும். அக்ரிலிக் என்றால் பேச்சே வேண்டாம், நைலான்தான். அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்து இறுகிவிடுவதால் பிரஷ் மணிக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும். இயற்கை முடி அதில் ஊறித் தொங்கிப் போய்விடும். "கேமல் ஹேர்" என்று எழுதி விற்கும் பிரஷ்ஷில் ஒட்டக முடி ஒன்றுகூட இருக்காது என்பது இந்தத் தொழிலின் பழைய தமாஷ். அணிலோ ஆடோ குதிரையோ இருக்கும். பெயரை நம்பி வாங்குகிற லட்சணம் இவ்வளவுதான்.

உண்மையில் புதிதாக வரைகிறவர் பார்க்க வேண்டியது முனையின் வடிவத்தை. ரவுண்ட் கோட்டுக்கு, பிளாட் பரப்பிப் பூசவும் விளிம்புக்கும், பில்பர்ட் இரண்டுக்கும் நடுவில், மெல்லிய நீண்ட கோட்டுக்கு ரிக்கர். பன்னிரண்டு பிரஷ் கொண்ட செட் வாங்கினால் அதில் எட்டு தூங்கும். ரவுண்டில் இரண்டு, பிளாட்டில் ஒன்று என்று தனித்தனியாக வாங்குவதே லாபம். தண்ணீரில் நனைத்து ஒரு உதறு உதறினால் ரவுண்டின் முனை ஊசி போல் கூட வேண்டும். விரலால் வளைத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். முடியை லேசாக இழுத்தால் கையோடு வரக் கூடாது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் வருடமே சொல்லித் தருவது, வாங்க ஆள் இருக்கும்வரை சரக்கு வரும் என்பது. பட்டறையில் நாலு பேரைப் பிடித்தால் அடுத்த தெருவில் இன்னொரு பட்டறை திறக்கும். பழியை முழுக்க முடி கட்டும் கூலித் தொழிலாளி மேல் போட்டுவிட்டுக் கைகழுவ ஓவியருக்கு உரிமை இல்லை.

அடையாளம் கண்டுபிடிப்பதும் பெரிய வித்தை இல்லை. கீரி முடி நுனியில் கரும்பழுப்பு, நடுவில் வெளிர் மஞ்சள், அடியில் மறுபடி கரும்பழுப்பு. அதே போலச் சாயம் போட்ட நைலானும் கடைகளில் உண்டு என்பதால், சந்தேகம் வந்தால் என்ன முடி என்று கடைக்காரரிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும். "ஸ்பெஷல் முடி சார்" என்று பதில் வந்தால் அந்த பிரஷ்ஷைத் திரும்ப டப்பாவிலேயே வைத்துவிடலாம்.