சொறி இல்லை, இது சொறி இல்லை

சொறி இல்லைங்க, இது சொறி இல்லை. தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லிவிட்டேன், காதில் வாங்குவார் யாருமில்லை. ஆரணிப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்காக ஜோடித்துக் கூட்டிப்போன என் பெண் மட்டக்குதிரையைப் பந்தலுக்கு வெளியிலேயே மறித்தார்கள். "பட்டு கட்டிக்கிட்டு பொம்பளைங்க நிக்கிற இடம். ஒட்டிக்கும், ஓட்டிக்கிட்டுப் போ." ஜரிகைத் துணியை யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். பிடரியில் காய்ந்திருந்த பொருக்கும் அதோடு பிய்ந்து வந்தது. அவள் கத்தவில்லை. தோல் மட்டும் தோளிலிருந்து வால்மூட்டு வரை சிலிர்த்து அடங்கியது.

ஒட்டிக்கொள்ளும் என்றவர்கள் ஒரு ராத்திரி சந்தவாசலுக்கு வந்து என் கொட்டிலில் நின்று பார்க்கட்டும். எங்கள் படவேட்டுப் பக்கமெல்லாம் வாழையும் நெல்லும்தான். சேறும் சாணியும் அழுகிய வாழைத்தண்டும் கிடக்கிற ஈரத்தில் கடுகளவுகூட இல்லாத ஒரு பொடிக்கொசு பிறக்கிறது. அந்தி சாய்ந்ததும் வரும், விடியற்காலை மறுபடி வரும். பிடரியிலும் வால்மூட்டிலும் அப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகு அவள் கல்தூணில் கழுத்தைத் தேய்க்கிற சத்தம் அம்மிக்கல்லில் அரைக்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். காலையில் தூணில் ரத்தமும் மயிரும்.

பொறுமையாக விளக்கியவர் ஒரு கால்நடை மருத்துவர் மட்டும்தான். க்யூலிகாய்டிஸ் என்று அந்தப் பொடிக்கொசுவுக்குப் பெயராம். பெண் பூச்சிதான் கடிக்கிறது. அதன் எச்சில் சில குதிரைகளின் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை, அந்த ஒவ்வாமைதான் இந்தத் தினவு. ஒரு குதிரையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது, மனிதனுக்கும் தொற்றாது. அடியோடு தீர்க்க மருந்து கிடையாது. ஆட்டுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இதே இனம்தான் என்றார். ஆடு செத்தால் நாலு பேர் கேட்கிறார்கள். என் குதிரை உயிரோடு தோலுரிந்து நிற்கிறதே, அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

அவளை எனக்கு விற்ற தரகருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ரணம் ஆறியிருக்கிற கோடையாகப் பார்த்து, பிடரிமயிரை ஒட்ட வெட்டி, வாலைப் பின்னி நிறுத்தினார். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினோம். நெற்றிச்சுழி பார்த்தேன், கழுத்துச்சுழி பார்த்தேன். தடித்து மடிப்பு விழுந்திருந்த தோலை நான் தடவிப் பார்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. நான் ஊரில் இல்லாத நாளில், சொறிக்கு நல்லது என்று ஒருவர் பட்டறையிலிருந்து கழிவு ஆயிலைக் கொண்டுவந்து பச்சைப் புண்ணில் ஊற்றிவிட்டார். திரும்பி வந்தபோது அவள் தீவனத்தைத் தொடாமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். வெந்துபோன அந்தக் கழுத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிய என் கையை ஒரு தடவைகூட அவள் கடிக்கவில்லை.

அவளுக்குத் தேவைப்பட்டது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. வெயில் தாழுமுன் உள்ளே கட்டுகிறேன், நன்றாக விடிந்த பிறகுதான் அவிழ்க்கிறேன். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் இந்தப் பூச்சி நுழைந்துவிடும் என்பதால் நெருக்கமாக நெய்த துணியை மறைப்பாகக் கட்டியிருக்கிறேன். காற்றை எதிர்த்துப் பறக்க அதற்குத் தெம்பில்லை, ஒரு விசிறி ஓடினாலே கிட்டே வராது. பழைய வேட்டியைத் தைத்து மேலே போர்த்துகிறேன். புண்ணில்லாத இடத்தில் வேப்பெண்ணெய் கலந்த தேங்காயெண்ணெய். புண்ணுக்கு மருத்துவர் கொடுத்த களிம்பு, கூடவே டெட்டனஸ் ஊசி. சாணியை அன்றன்றைக்கே தூரமாகக் கொண்டுபோய்க் கொட்டுகிறேன். இப்போது ராத்திரியில் தூணில் சத்தம் குறைந்திருக்கிறது.

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலைச் சந்தையில் குதிரை வாங்கப் போகிறவர்களே, சுழி பார்க்கிற கையாலேயே பிடரியை விலக்கித் தோலையும் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், உங்கள் காலில் விழுகிறேன், கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள்.