முற்றத்துக் கோழியும் மெண்டலின் பாடமும்

நம் மாணவர் மெண்டலின் பெயரை அறிவர். நெடிய பட்டாணிச் செடியையும் குறுகியதையும் கலந்தால் இரண்டாந் தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் தோன்றும் என்று பரீட்சைத் தாளிலே பிழையின்றி எழுதுவர். பட்டாணியை வறுத்துத் தின்றவர் அவருட் பலர். அதன் பூவைக் கண்டவர் மிகச் சிலர். பல்லேகலயிலும் குண்டசாலையிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பிறப்புரிமையியல் கரும்பலகையில் ஆரம்பித்துக் கரும்பலகையிலேயே முடிந்துவிடுகின்றது. வேலிக்கு அப்பால், லயத்தின் பின்புறத்திலே, கறுப்பும் வெள்ளையும் சிவப்பும் சாம்பலும் வரியுமாகக் கோழிகள் அதே பாடத்தை நாள்தோறும் கிளறிக்கொண்டு திரிகின்றன. அவற்றை ஏறிட்டும் பாராது அப்பாடத்தை நடத்துவது பெருங்குறை என்பது என் எண்ணம்.

கோழி இத்துறைக்குப் புதிதன்று. மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902ஆம் ஆண்டிலே வில்லியம் பேற்சன் காட்டியது கோழியின் கொண்டையைக் கொண்டேயாகும். அதற்கு முன்னரே டார்வின் கரிய ஸ்பானியச் சேவலை வெள்ளைப் பட்டுக்கோழிப் பேடுகளோடு கலந்து பார்த்தார். கறுப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்தவற்றுள் ஒரு சேவல் செங்காட்டுக்கோழியைப் போன்ற சிவந்த இறகுடன் நின்றது கண்டு வியந்தார். இதனை அவர் எழுதிய 1868ஆம் ஆண்டு நூலிலேயே நம் இலங்கைக் கோழி ஒன்றும் இடம்பெற்றிருக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நாட்டிற் பணிபுரிந்த லேயாட் என்பவர் பறவைகளைக் கூர்ந்து நோக்கியவர். வெள்ளிறகிலே கரி படிந்தாற்போன்றதும், தோலும் எலும்பின் மேலுறையும் கறுத்திருப்பதுமான ஒரு நாட்டுக்கோழியை அவர் இங்கே கண்டார். அவரைத் திகைக்க வைத்தது அதன் நிறமன்று. அந்நிறம் பேடுகளிடமே காணப்பட்டது. அத்தகைய சேவலோ மூவண்ணக் கடுவன் பூனையைப் போல அரிதாயிருந்தது. கல்கத்தாப் பக்கத்திலும் நிலைமை அதுவே என்று பிளைத் என்னும் அறிஞர் கூறினார். டார்வின் இவ்விருவர் கூற்றையும் குறித்து வைத்தாரேயன்றிக் காரணம் கூற அவரால் இயலவில்லை.

காரணத்துக்கு வழி திறந்தது 1911இல். பேற்சனும் பனெற்றும் கருந்தோற் பட்டுக்கோழியைப் பழுப்பு நிற லெகோணோடு இருவகையாகவும் கலந்தனர். பட்டுக்கோழி தாயானபோது குஞ்சுகளிற் கருமை பெரும்பாலும் அடங்கிவிட்டது. பட்டுக்கோழி தந்தையானபோது மகள்மார் கறுத்தனர், மகன்மார் வெளுத்தனர். கருமை தரும் பரம்பரையலகு ஒன்று. அதனை அடக்கும் பரம்பரையலகு மற்றொன்று. இரண்டாவது, இலிங்க நிறமூர்த்தத்தின்மேல் அமர்ந்திருக்கின்றது. மனிதர்க்கு நேர்மாறாக, கோழியினத்திலே சேவலுக்குத்தான் ஒரே வகையான இலிங்க நிறமூர்த்தங்கள் இரண்டு உண்டு. பேட்டுக்கு அவ்வகையில் ஒன்றே உண்டு. ஆகவே அடக்கும் அலகு இல்லாத நிறமூர்த்தம் ஒன்று வாய்த்தாலே பேடு கறுத்துவிடும். சேவல் கறுப்பதற்கு இரண்டிலும் அது இல்லாதிருத்தல் வேண்டும். ஊர்க் கோழிகளிடையே அத்தகைய நிறமூர்த்தம் பத்தில் ஒன்று என வைத்துக்கொள்வோம். கருமைக்குரிய அலகைப் பெற்ற பேடுகளிற் பத்துக்கு ஒன்று கறுக்கும். சேவல்களிலோ நூறுக்கு ஒன்றே. லேயாட்டின் வியப்பு ஒரு பெருக்கற் கணக்கில் அடங்கிவிடுகின்றது! (பூனையின் மூவண்ணமும் இலிங்கமிணைந்ததே, அங்கே கதை தலைகீழ். அவ்வுவமை அவரறியாமலே பொருந்திவிட்டது.) பிறநாட்டு மலரைப் படம் வரைந்து கற்பிக்கும் நாம், நம் மண்ணிலே கண்டறியப்பட்ட இவ்வற்புதத்தைப் பாடநூலில் ஏன் ஒரு பக்கத்திலேனும் சேர்த்தல் ஆகாது?

சாம்பல் நிறக் கோழியையும் நோக்குக. அழகென்று விலை கொடுத்து வாங்கிச் சோடியாக வளர்த்தவர், பாதிக் குஞ்சுகளே சாம்பலாகவும் காற்பங்கு கறுப்பாகவும் காற்பங்கு புள்ளி தெறித்த வெள்ளையாகவும் பொரிக்கக் கண்டு, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று வைவார். அந்தலூசியக் கோழியில் ஆராய்ந்து தெளிந்த உண்மை வேறு. அந்தச் சாம்பல், கருமைக்குரிய அலகும் அதனை மங்கச்செய்யும் அலகும் ஒவ்வொன்றாகக் கூடியதால் வந்தது. தன்னினத்தையே எப்போதும் ஈனும் 'தூய' சாம்பல் என்று அங்கே ஒன்றில்லை. வேண்டாமென்று கறிக்கு அனுப்பிய கறுப்பையும் புள்ளி வெள்ளையையும் சோடி சேர்த்திருந்தால் குஞ்சுகள் அனைத்துமே சாம்பலாய்ப் பிறந்திருக்கும். கலப்பினாற் குலங்கெடும் என்று பேசுவோர் இவ்விடத்திற் சற்று நிதானிப்பது நன்று.

ஆசிரியர்கள் கூறக்கூடிய தடைகளையும் நான் அறிவேன். ஊர்க்கோழிக்குத் தந்தை யார் என்று எவர் சொல்வார்? சேவலைப் பிரிந்த பின்னும் பேடு இரண்டு மூன்று வாரங்கள் கருவுற்ற முட்டையிடும். ஆகவே ஒரு மாதமேனும் அதனைத் தனியே அடைத்து, பின்னர் தெரிந்த சேவலோடு விடுதல் வேண்டும். மேலும், பன்னிரண்டு குஞ்சுகளில் மூன்று, ஆறு, மூன்று என்ற கணக்கு அப்படியே வந்துவிடாது. ஒன்று, ஒன்பது, இரண்டு எனவும் வரலாம். இது தடையன்று, பாடத்தின் உயிர்ப்பகுதி. விகிதம் என்பது பெருந்தொகையில் வெளிப்படும் இயல்பு என்பதைக் கரும்பலகை ஒருநாளும் உணர்த்தாது. முப்பது மாணவர் தத்தம் வீட்டு அடைக் கணக்கைக் கொணர்ந்து ஒன்றாகக் கூட்டும்போது அது தானே விளங்கும். சாம்பல் நிறம் வேறோர் அலகாலும் வரக்கூடும் என்பது உண்மை. எதனால் வந்தது என்று கலந்து பார்த்தே அறிய வேண்டியிருப்பதும் நல்ல பயிற்சியே.

செலவும் அதிகமில்லை. ஒரு கொப்பி, காலிற் கட்ட வர்ண நூல், இருபத்தொரு நாட் பொறுமை. ஐயம் எழுந்தால் கேட்டறிய, குண்டசாலையின் கரந்தகொல்லயிலே அரசாங்கத்தின் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. பல்லேகலயிலிருந்து அது தொலைவன்று. முதல் வேலையாக, லயந்தோறும் வீடுதோறும் சென்று, கருந்தோலுடைய பேடு எத்தனை, சேவல் எத்தனை என்று மாணவர் எண்ணி எழுதட்டும். ஒரு விடுமுறை அதற்குப் போதும்.