டீசலில் கரையும் உழைப்பு

கோலார் தங்கவயலுக்கு 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் வந்துவிட்டது. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் உற்பத்தியான மின்சாரம், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி வழியே கொண்டுவரப்பட்டுச் சுரங்க இயந்திரங்களை இயக்கியது. இந்தியாவின் பெரும்பாலான ஊர்கள் எண்ணெய் விளக்கை நம்பியிருந்த காலம் அது. நூறாண்டுகளுக்குப் பிறகு, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அந்த வட்டாரத்தின் பிழைப்பை நகர்த்திச் செல்வதில் பெரும்பங்கு டீசலுக்குத்தான். நிலத்தை உழும் டிராக்டர், ஏரி மண்ணை அள்ளும் பொக்லைன், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, கோலார் சந்தையிலிருந்து தக்காளியை நாடெங்கும் ஏற்றிச் செல்லும் லாரி என அனைத்தும் டீசலில்தான் ஓடுகின்றன.

கோலார் மாவட்டத்தில் வற்றாத நதி ஏதும் இல்லை. பாலாறு அந்தப் பக்கமாகத்தான் பாய்கிறது என்றாலும், அதில் நீரைவிட மணலே அதிகம். ஆயிரம் அடிக்கும் கீழே சென்றால்தான் பல இடங்களில் நீர் கிடைக்கிறது. அந்த நீரை மேலேற்றும் 10 குதிரைத்திறன் வரையிலான மின்மோட்டார்களுக்குக் கர்நாடக அரசு இலவச மின்சாரம் வழங்குகிறது. ஆனால், கிணறு தோண்டவும், நிலத்தைச் சமன்படுத்தவும், உழவும், விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் டீசல் தேவை. அதற்குச் சலுகை கிடையாது.

சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் இந்த இயந்திரங்களைச் சொந்தமாக வைத்திருப்பதில்லை, வாடகைக்கு அமர்த்துகிறார்கள். வாடகைக்கு விடுபவரும் பெரும் முதலாளி அல்லர். கடனில் ஒரு டிராக்டரையோ, பழைய பொக்லைன் ஒன்றையோ வாங்கி, மாதத் தவணை கட்டிப் பிழைப்பவர்தான் அவர். திருச்செங்கோட்டிலிருந்து பல மாநிலங்களுக்கும் செல்லும் ரிக் வண்டி உரிமையாளர்களின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல. மணிக்கு இவ்வளவு, அடிக்கு இவ்வளவு என்று வேலைக்கு முன்பே பேசி முடிக்கப்படும் வாடகையை, டீசல் விலை ஏறியது என்று பாதி வேலையில் மாற்ற முடியாது. விளைபொருளுக்கு விலை கிடைக்காத பருவத்தில் ஊராரிடம் கூடுதல் வாடகை கேட்கவும் முடியாது. எனவே, ஏறும் ஒவ்வொரு ரூபாயும் முதலில் அவருடைய வருவாயைத் தின்கிறது. அடுத்த பருவத்தில் விவசாயியின் தலையில் விழுகிறது.

டீசல் விலையை எது தீர்மானிக்கிறது? சர்வதேசச் சந்தையில் டீசலுக்கு நிலவும் விலை, டாலருக்கு நிகரான ரூபாயின் மதிப்பு, எண்ணெய் நிறுவனங்களின் செலவும் லாபமும், விற்பனையாளருக்கான கமிஷன், மத்திய அரசின் கலால் வரி, மாநில அரசின் விற்பனை வரி ஆகியவற்றின் கூட்டுத்தொகையே பங்கில் நாம் கொடுக்கும் விலை. கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில் முதல் இரண்டும் யாருடைய கையிலும் இல்லை. ஆனால், மற்றவை தில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் முடிவு செய்யப்படுபவை.

டீசல் விலை மீதான கட்டுப்பாடு 2014 அக்டோபர் 18-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. சந்தையில் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பதே அப்போது மக்களுக்குச் சொல்லப்பட்ட நியாயம். இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை 2013-14-இல் பீப்பாய்க்கு 105 டாலராக இருந்தது. 2015-16-இல் அது 46 டாலராகச் சரிந்தது. அந்தச் சரிவின் பயன் முழுமையாக மக்களைச் சென்றடையவில்லை. 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை ஒன்பது முறை கலால் வரி உயர்த்தப்பட்டது. டீசல் மீது மட்டும் லிட்டருக்கு 13 ரூபாய் 47 காசு கூடியது.

கரோனா தீநுண்மிப் பரவலின்போதும் இதுவே நடந்தது. கச்சா எண்ணெய் விலை 20 டாலர் அளவுக்கு வீழ்ந்த 2020-இல், மார்ச்சில் 3 ரூபாயும் மே மாதத்தில் 13 ரூபாயும் டீசல் மீதான வரியில் கூட்டப்பட்டன. 2014 தொடக்கத்தில் 3 ரூபாய் 56 காசாக இருந்த கலால் வரி 31 ரூபாய் 83 காசானது. அந்த ஜூன் மாதத்தில் தில்லியில் பெட்ரோலைவிட டீசலின் விலை அதிகமான விந்தையும் நிகழ்ந்தது. கச்சா எண்ணெய் விலை மீண்டும் ஏறியபோது, ஏற்றிய வரி உடனே இறங்கவில்லை. 2021 அக்டோபரில் பெங்களூரில் டீசல் நூறு ரூபாயைக் கடந்த பிறகுதான், அந்த நவம்பரில் 10 ரூபாயும் 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை மீண்டும் சரிந்தபோது, வரி மீண்டும் 2 ரூபாய் கூட்டப்பட்டது.

2017 ஜூன் முதல் நாள்தோறும் விலை மாற்றம் என்று அறிவிக்கப்பட்டதும் பெயரளவில் நின்றுபோனது. 2022 ஏப்ரல் 6-க்குப் பிறகு எண்ணெய் நிறுவனங்கள் தாமாக விலையை மாற்றியது 2024 மார்ச் 15-இல்தான். மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்கு இரு நாள்களுக்கு முன்பு அந்த 2 ரூபாய் குறைப்பு அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கச்சா எண்ணெய் 116 டாலருக்கு ஏறியதும், 80 டாலருக்குக் கீழே இறங்கியதும் உண்டு. விலை ஏறியபோது நுகர்வோர் காக்கப்பட்டனர் என்பதை மறுக்க முடியாது. ஆனால், இறங்கியபோது அவர்களுக்கு உரியது தரப்படவில்லை என்பதையும் மறுக்க முடியாது.

மாநில அரசுகளும் இதில் விதிவிலக்கல்ல. கர்நாடகத்தில் 2021 நவம்பரில் 14.34 சதவீதமாகக் குறைக்கப்பட்ட டீசல் விற்பனை வரி, 2024 ஜூனில் 18.44 சதவீதமாகவும் 2025 ஏப்ரலில் 21.17 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. பெங்களூரில் விலை 91 ரூபாயைத் தாண்டியது. அண்டை மாநிலங்களைவிடக் குறைவுதான் என்பது கர்நாடக அரசு கூறிய சமாதானம். அது உண்மையே. ஆனால், ஆந்திரத்தில் விலை அதிகம் என்பதால் தங்கவயல் டிராக்டர்காரரின் தவணை குறைந்துவிடாது.

மாநிலங்களின் நெருக்கடிக்கும் ஒரு காரணம் உண்டு. 2025 ஏப்ரலில் டீசல் மீதான மத்திய வரி லிட்டருக்கு 17 ரூபாய் 80 காசு. இதில் மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் வரி வெறும் 1 ரூபாய் 80 காசுதான். மீதமுள்ள 16 ரூபாயும் சிறப்புக் கூடுதல் வரி, சாலைக் கட்டமைப்பு செஸ், விவசாயக் கட்டமைப்பு செஸ் என்ற பெயர்களில் மத்திய அரசிடமே தங்கிவிடுகிறது. பங்கு கிடைக்காத மாநிலம் தன் பங்குக்கு விற்பனை வரியை ஏற்றுகிறது. இருவர் இழுக்கும் கயிற்றின் நடுவே சிக்கியிருப்பது எரிபொருள் வாங்குபவரின் கழுத்து. விவசாய வளர்ச்சிக்கென்று 2021-இல் விதிக்கப்பட்ட லிட்டருக்கு 4 ரூபாய் செஸ், நிலத்தை உழுதுகொண்டிருக்கும் டிராக்டரின் டீசலிலிருந்தும் வசூலிக்கப்படுகிறது என்பது வேதனையான முரண்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமை புரியும். 2025 ஏப்ரல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதாவது லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் மத்திய, மாநில வரிகள். மணிக்கு ஐந்து லிட்டர் குடிக்கும் டிராக்டர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழுதால், அந்த உரிமையாளர் அன்று மட்டும் 1,200 ரூபாய்க்கு மேல் வரியாகச் செலுத்துகிறார். ஒரு வேளாண் கூலித் தொழிலாளியின் நாள் கூலியைவிட இது பெரிய தொகை.

வரியே கூடாது என்பதல்ல வாதம். விலையைச் செயற்கையாகத் தாழ்த்தி வைத்த காலத்தின் விளைவையும் நாடு கண்டிருக்கிறது. 2012-13-இல் டீசலை அடக்க விலைக்குக் கீழே விற்றதால் எண்ணெய் நிறுவனங்களுக்கு ஏற்பட்ட வருவாய் இழப்பு 92 ஆயிரம் கோடி ரூபாய். விவசாயியின் பெயரால் தரப்பட்ட அந்தச் சலுகையைச் சொகுசுக் கார்களும் வணிக வளாகங்களின் ஜெனரேட்டர்களும் சேர்ந்தே அனுபவித்தன.

அப்படியானால், விவசாய இயந்திரங்களுக்கு மட்டும் குறைந்த விலையில் தனி டீசல் தரலாமே என்ற யோசனை எழுவது இயல்பு. பிரிட்டனில் வயலில் ஓடும் வண்டிகளுக்குச் சிவப்புச் சாயம் கலந்த டீசல் குறைந்த வரியில் தரப்படுகிறது. அமெரிக்காவிலும் சாலைக்கு வராத இயந்திரங்களுக்கு அத்தகைய ஏற்பாடு உண்டு. நம் நாட்டிலேயே மீன்பிடி விசைப்படகுகளுக்குத் தமிழகமும் கர்நாடகமும் வரம்பிட்ட அளவில் விற்பனை வரி இல்லாத டீசலை வழங்குகின்றன. கடலுக்குச் செல்பவருக்குக் கிடைக்கும் சலுகை வயலுக்குச் செல்பவருக்கு ஏன் இல்லை என்ற கேள்வி நியாயமானது.

ஆனால், ஒரே மாதிரியான எரிபொருள் இரண்டு விலைகளில் விற்கப்பட்டால் என்ன நேரும் என்பதை மற்ற எந்த ஊரையும்விடத் தங்கவயல் நன்கு அறியும். அங்கு வளர்ந்து பள்ளிப் படிப்பை முடித்தவர் சண்முகம் மஞ்சுநாத். லக்னௌ இந்திய மேலாண்மைக் கழகத்தில் பட்டம் பெற்று, இந்தியன் ஆயில் நிறுவனத்தில் விற்பனை அதிகாரியாக உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்துக்குச் சென்றார். ரேஷன் மண்ணெண்ணெயின் விலையைப்போல் டீசலின் விலை மூன்று மடங்காக இருந்த காலம் அது. அந்த விலை வேறுபாட்டின் பேராசையே கலப்படத்தை ஒரு தொழிலாக வளர்த்திருந்தது. தரமற்ற எரிபொருளை விற்ற பங்குகள் மீது அஞ்சாமல் நடவடிக்கை எடுத்த மஞ்சுநாத், 2005 நவம்பர் 19-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. குற்றவாளிகளின் ஆயுள் தண்டனையை 2015-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. நீலச் சாயம் கலக்கப்பட்ட மண்ணெண்ணெய் டீசல் தொட்டிக்குள் போவதைச் சாயத்தால் தடுக்க முடியவில்லை. இந்த அனுபவத்துக்குப் பிறகும் சிவப்புச் சாய டீசலை நம்பச் சொல்வது, இன்னொரு நேர்மையான அதிகாரியின் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

சலுகை எரிபொருளுக்குத் தரப்படக் கூடாது. அதைப் பயன்படுத்துபவரிடம் நேரடியாகச் சேர வேண்டும். அந்த வழியில் கர்நாடகம் ஓரடி எடுத்து வைத்தது. 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 'ரைத சக்தி' திட்டம், ஏக்கருக்கு 250 ரூபாய் வீதம் ஐந்து ஏக்கர் வரை டீசல் மானியத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் செலுத்துவது. நோக்கம் நல்லது. ஆனால், நில ஆவணத்தில் பெயர் உள்ளவருக்கே அது உரியது. பங்கில் நின்று பணம் கொடுத்து டீசல் வாங்கும் இயந்திர உரிமையாளரும், குத்தகை நிலத்தில் பயிரிடுபவரும் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

இதைச் சீர்செய்வது கடினமல்ல. விவசாயப் பயன்பாட்டுக்கெனப் பதிவு செய்யப்பட்ட டிராக்டர், அறுவடை இயந்திரங்களின் விவரம் அரசிடம் உள்ளது. 'கிருஷி யந்திர தாரே' போன்ற அரசின் வாடகை இயந்திர மையங்களும் கர்நாடகத்தில் இயங்குகின்றன. ஒரு பருவத்துக்கு இத்தனை லிட்டர் என்று வரம்பு வைத்து, அந்த அளவுக்குச் செலுத்திய வரியை ரசீதின் பேரில் உரிமையாளரின் வங்கிக் கணக்கில் திருப்பித் தரலாம். பங்கில் விலை ஒன்றாகவே இருக்கும். கலப்படத்துக்கு வழி இராது. சலுகை பெறும் வண்டிகள் வாடகையை உயர்த்தக் கூடாது என்று நிபந்தனையும் விதிக்கலாம்.

டீசலைச் சரக்கு-சேவை வரிக்குள் கொண்டுவருவது நீண்டகாலத் தீர்வின் ஒரு பகுதி. 2017 ஜூலையில் அந்த வரி நடைமுறைக்கு வந்தபோது பெட்ரோலும் டீசலும் வெளியே நிறுத்தப்பட்டன. 2021 செப்டம்பரில் லக்னௌவில் கூடிய கவுன்சில், அதற்கான நேரம் இதுவல்ல என்று முடிவு செய்தது. உள்ளே வந்தால், பதிவு பெற்ற தொழில் செய்வோர் டீசலுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும். எனினும், வரி விலக்குப் பெற்ற உழவு, அறுவடை வேலைகளைச் செய்யும் சிறு உரிமையாளருக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. எனவேதான் வரியைத் திருப்பித் தரும் திட்டம் அவசியமாகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தேவைப்படுவது ஒரு வெளிப்படையான விதி. கச்சா எண்ணெய் விலை எந்த அளவுக்குக் கீழே சென்றால் வரி எவ்வளவு கூடும், எந்த அளவுக்கு மேலே சென்றால் வரி எவ்வளவு குறையும் என்பதை நாடாளுமன்றத்தில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஏறும்போது சந்தை, இறங்கும்போது கருவூலம் என்ற இன்றைய வழக்கம் தொடரக் கூடாது.

பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி நாட்டுக்குத் தங்கம் எடுத்துத் தந்த ஊர் கோலார் தங்கவயல். அந்த ஊரின் வயல்களில் இன்று இயந்திரம் ஓட்டிப் பிழைப்பவர் அரசிடம் கேட்பது தங்கத்தை அல்ல. விலை இறங்கும்போது தனக்கு உரிய பங்கை மட்டுமே. அதை மறுப்பது நியாயமாகாது!