கேளாச் செவிகள்

தைப்பூசத் திருநாளில் பத்துமலைக்கு வருவோர்க்குக் கண்ணுக்குள்ள விருந்து காதுக்கும் உண்டு. கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளிரதம் புறப்பட்டது முதல், கடைசிக் காவடி 272 படிகளையும் ஏறி முடிக்கும்வரை, உறுமியும் தவிலும் ஓய்வதில்லை. திடலைச் சுற்றியுள்ள கடைகளிலும் தண்ணீர்ப் பந்தல்களிலும் பாட்டு முழங்குகிறது. அப்பாட்டைக் கேட்டபடி நடக்கும் இளைஞர் கூட்டத்தில் பாட்டைப் பற்றிய தீர்ப்புகளும் பிறக்கின்றன. இந்நாட்டு இளைஞன் ஒருவன் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடி வெளியிட்ட புதிய பாடல் தொகுப்பைப் பற்றிக் கருத்துக் கேட்டால், தீர்ப்பு ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. 'லோக்கல்' என்பார் ஒருவர். 'நம்மவர்' என்பார் மற்றொருவர். முன்னவர் உதட்டைப் பிதுக்குகிறார், பின்னவர் கைதட்டுகிறார். இருவருள் எவரேனும் அப்பாட்டைக் கேட்டாரா என்பதே இங்கு எழும் வினா.

கேட்கவில்லை என்பதே கசப்பான விடை. 'லோக்கல்' என்பது பாடகன் பிறந்த ஊரைக் குறிக்கும் சொல். 'நம்மவர்' என்பதும் அவ்வாறே. பழத்தின் சுவை யாது என்று வினவினால், அது காய்த்த தோப்பின் பெயரை மட்டும் சொல்பவன் பழத்தைத் தின்றவன் ஆகான். இகழ்ச்சியும் புகழ்ச்சியும் எதிரெதிர்த் திசையில் நிற்பனபோல் தோன்றினும், பாட்டைக் காதில் வாங்காமலே தீர்ப்பளிக்கும் குற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகளே.

2006ஆம் ஆண்டை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் பத்துமலையில் 140 அடி உயர முருகன் திருவுருவச் சிலை திறக்கப்பெற்றது. அதே ஆண்டில் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் 'யோகி பி நட்சத்திரா' என்னும் பெயரில் 'வல்லவன்' என்ற தொகுப்பை வெளியிட்டனர். யோகி பி அப்போது புதியவர் அல்லர். 1998இல் முதல் தொகுப்பை வெளியிட்ட 'பொயட்டிக் அம்மோ' குழுவில் அவரும் ஒருவர். ஆங்கிலத்தோடு மலாய், தமிழ், கன்தோனீசு மொழிகளையும் சொல்லிசையில் கலந்து பாடிய குழு அது. அந்த அனுபவத்தோடு தமிழ்ச் சொல்லிசையில், அதாவது ராப் பாட்டில், முழுமையாக இறங்கியவர்கள் 'வல்லவன்' குழுவினர்.

அத்தொகுப்பில் மக்கள் மனத்தில் இன்றளவும் நிற்கும் பாட்டு எது? 'மடை திறந்து' என்பதே பெரும்பாலோர் விடையாக இருக்கும். அதன் அடித்தளமோ 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' திரைப்படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்த பாட்டு. பழைய மெட்டின்மேல் புதிய சொற்கட்டை ஏற்றிய கைத்திறன் பாராட்டுக்குரியதே, அதில் ஐயமில்லை. எனினும், தாமே எழுதிப் பாட வல்ல இளைஞர்களின் தொகுப்பில், திரைப்பட மெட்டைத் தாங்கிவந்த பாட்டையே பெருங்கூட்டம் ஓடிவந்து தழுவிக்கொண்டது ஏன்? பழகிய மெட்டு காதுக்குள் எளிதில் நுழைந்தது. புதியது வாசலிலேயே நின்றது. வாய்ப்புத் தேடி அலையும் இசைக்கலைஞன் ஒருவனின் வெற்றிக் கனவே அத்திரைப்பாட்டின் பொருள் என்பதை எண்ணிப் பார்த்தால், இதிலுள்ள முரண் இன்னும் கூர்மையாகக் குத்தும்.

பின்னர் நடந்ததும் சிந்தனைக்குரியது. 2007இல் 'பொல்லாதவன்' படத்திலும், 2017இல் 'விவேகம்' படத்திலும், 2020இல் 'தர்பார்' படத்திலும் யோகி பியின் குரல் ஒலித்தது. 2016இல் வந்த 'கபாலி' படத்தில் மலேசியக் கலைஞர் ரோஷன் ஜாம்ராக்கின் சொல்லிசை இடம்பெற்றது. இவை பெருமைக்குரிய செய்திகள்தாம். ஆனால் நேற்றுவரை இரைச்சல் என்று முகம் சுளித்தவர்கள், சென்னையின் முத்திரை விழுந்தபின் அதே குரலைக் கலை என்று கொண்டாடத் தொடங்கினால், மாறியது பாட்டா, செவியா? கடல் கடந்து சென்று சான்றிதழ் பெற்று வந்தால்தான் சொந்த ஊரில் மதிப்பு என்ற நிலை, பாடகனுக்கு நேர்ந்த இழிவைவிடக் கேட்பவனுக்கு நேர்ந்த இழிவே ஆகும். தன் நாவால் சுவை அறிய இயலாதவன் அயலான் நாவை இரவல் கேட்கிறான்.

சொல்லிசை தமிழுக்கு அயலானது, அதனால் மொழி கெடும் என்று வாதிடுவோரும் உளர். அவர்களுடைய அக்கறை பொய்யானதன்று. தேவையற்ற இடங்களிலெல்லாம் ஆங்கிலத்தைச் செருகும் பாட்டுகள் இல்லாமற் போகவில்லை. ஆயினும் வடிவத்தையே தீட்டு என்று ஒதுக்குவோர், பத்துமலைப் படிகளில் ஒலிக்கும் பாட்டுகளின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்கட்டும். அருணகிரிநாதரின் திருப்புகழ், சந்தத்தின் வேகத்தாலும் சொற்களின் அடுக்காலும் மூச்சைப் பிடித்துப் பாட வேண்டிய நூல்; வடசொற்களைத் தயக்கமின்றித் தமிழோடு கோத்த நூல். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மீது பாடிய காவடிச்சிந்து, வழிநடையில் காவடி சுமப்போரின் ஆட்ட மெட்டை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தது. தெருவில் ஆடியது நூலில் ஏறியது. அதனால் தமிழ் கெட்டுவிடவில்லை. கச்சேரி மேடைக்குத் தமிழ்ப் பாட்டே ஏற்றதன்று என்று சொன்னவர்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு விடையாகத்தான் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. மேடைக்குத் தமிழ் ஏற்றதன்று என்ற பழைய வாதமும், தமிழுக்குச் சொல்லிசை ஏற்றதன்று என்ற புதிய வாதமும் ஒரே அச்சத்தின் இரு வடிவங்கள்.

இதனால் 'நம்மவர்' என்று கைதட்டுவோர் குற்றம் நீங்கியவர் ஆகிவிடமாட்டார். உண்மையில் அவர்கள் செய்யும் தீங்கே பெரிது. இகழ்ச்சி பாடகனைச் சினமூட்டி உழைக்க வைக்கவும் கூடும். ஆராயாத புகழ்ச்சி அவனை உறங்க வைக்கும். இன்று வெளிவரும் தொகுப்புகள் பலவற்றில், தாளப் பொறியின் முழக்கத்தில் சொற்கள் மூழ்கிப் போகின்றன. காதல் தோல்வியும் தற்பெருமையும் மாறிமாறி வருகின்றன. அடிதடிக் கும்பலின் வாழ்வை வீரமாகக் காட்டும் பாட்டுகளும் உள்ளன. இவற்றைச் சுட்டிக்காட்டினால், 'நம்மவரை நாமே குறை சொல்லலாமா?' என்று ரசிகர் சீறுகிறார். எத்தனை இலட்சம் பேர் கைப்பேசியில் பார்த்தார்கள் என்னும் எண்ணிக்கையை எடுத்து நீட்டுகிறார். சந்தைக்கூட்டத்தை எண்ணுவது சரக்கை நிறுப்பது ஆகுமா?

துண்டாடப்பட்ட ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வெளியேறி, கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் அடுக்குமாடிகளில் குடியேறிய குடும்பங்களின் கதை எத்தனை பாட்டுகளில் வந்திருக்கிறது? இரவு வேலைக்குப் போகும் தாயின் கதை? மூடப்பட்ட தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் கதை? இவற்றைப் பாடு என்று பாடகனிடம் உரிமையோடு கேட்கும் ரசிகன் எங்கே? கேட்காத சமூகத்துக்குப் பாடாத பாட்டே கிடைக்கும்.

கேட்பது என்றால் என்ன என்பதைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அன்றே வகுத்துக் காட்டியுள்ளது. ஆடலாசான், இசையாசான், நன்னூற்புலவன், தண்ணுமையாசான், குழலோன், யாழாசான் என ஒவ்வொருவர்க்கும் உரிய இலக்கணம் அங்கே தனித்தனியே பேசப்படுகிறது. பாட்டின் சொல் யாருடையது, மெட்டு யாருடையது, தாளம் யாருடையது எனப் பிரித்துணரும் அறிவே திறனாய்வின் முதற்படி. அந்த அறிவு தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வை நினைந்து அறிவு எழுதி, தீ என்னும் பாடகியோடு பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021இல் உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு வெளியிட்ட அட்டையில் தீ இருந்தார். அப்பாட்டை எழுதிய அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதலானோர் கேள்வி எழுப்பிய பின்னரே, எழுதியவன் யார் என்பது பேசுபொருளாயிற்று. பாட்டை முணுமுணுத்த இலட்சக்கணக்கானோரில் எத்தனை பேர் அதற்கு முன்பு அந்தப் பெயரைத் தேடியிருப்பர்?

அமெரிக்காவில் பாப் டிலன் 1965ஆம் ஆண்டு நியூபோர்ட் விழாவில் மின்கித்தாரோடு மேடையேறியபோது கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். அவர்களின் தீர்ப்பு தவறாக இருக்கலாம். 2016இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டதும் அதை மெய்ப்பிக்கலாம். ஆயினும் அவருடைய பழைய பாட்டுகளை நெஞ்சில் ஏற்றிக்கொண்டதாலேயே அவர்கள் சினந்தார்கள். கேட்டவனுக்கே கோபிக்கவும் உரிமை உண்டு. 'லோக்கல்' என்று கடந்து செல்பவனிடம் அந்தக் கோபங்கூட இல்லை.

எழுத்தாளர்களும் இக்குற்றத்திலிருந்து தப்ப இயலாது. மலேசியத் தமிழ்ச் சிறுகதை தானாக வளர்ந்துவிடவில்லை. 1950இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். பின்னர் அவ்விதழுக்குப் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி இலக்கிய வட்டம் கூட்டி, படைப்புகளை முகத்துக்கு நேரே அலசச் செய்தார். 'உள்ளூர் எழுத்து' என்ற ஏளனம் அன்றும் இருந்தது. 'நம்மவர் எழுத்து' என்ற சலுகையும் இருந்தது. இரண்டையும் தாண்டிப் படைப்பைப் படைப்பாகப் பார்த்தவர்களால்தான் இலக்கியம் நிமிர்ந்தது. அந்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. அது கற்றுத்தந்த பாடம் நிற்க வேண்டியதில்லை. சிறுகதைக்கும் புதுக்கவிதைக்கும் கருத்தரங்கு நடத்தும் எழுத்துலகம், ஆயிரமாயிரம் இளைஞர் நாவில் புரளும் பாட்டின் வரிகளை ஒருமுறையேனும் மேசைமீது வைத்து ஆராயட்டும். மரபறிந்த புலவரும் தாளமறிந்த இளைஞரும் ஒரே அறையில் அமர்ந்து வாதிடட்டும். இசையை நிறுத்திவிட்டுச் சொற்களை மட்டும் உரக்கப் படித்துப் பார்க்கட்டும். நிற்பது நிற்கும், விழுவது விழும்.

ரசிகரும் தம் கடமையை அறிதல் வேண்டும். தொகுப்பை விலை கொடுத்து வாங்குதல், எழுதியவர் பெயரை அறிந்து சொல்லுதல், முழுவதும் கேட்டபின் பேசுதல், குறையைக் காரணத்தோடு கூறுதல் ஆகியவை பெரிய தவங்கள் அல்ல. காவடி சுமப்பவன் 272 படிகளையும் ஏறித்தான் குகையை அடைகிறான். அடிவாரத்தில் நின்றுகொண்டே மலையின் உயரத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுபவனை அவன் பொருட்படுத்துவதில்லை. பன்னிரண்டு பாட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பைக் கேட்டு முடிக்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தைத் தர மறுக்கும் செவிக்குத் தீர்ப்புரைக்கும் நாக்கு எதற்கு?